டீ குடிக்கப் போனவரின் நாடி

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் இருக்கும் அந்த நர்சிங் கல்லூரியில் போன வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. ஆளே இல்லாத கட்டிலில் எட்டுப் பெண்கள் நாடி பிடித்துப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே எண்ணிக்கைதான் கிடைத்தது. நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு.

முதலாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வு அது. கல்லூரியை ஒட்டிய சின்ன மருத்துவமனையில், நிஜ நோயாளிகளை வைத்து நடந்தது. நாலாம் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்த ஒரு வாழைத்தார் வியாபாரி. மனுஷர் சும்மா படுத்திருக்க முடியாமல், யாரிடமும் சொல்லாமல், எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். கட்டிலைச் சுற்றித் திரை. திரைக்குள் முதலில் போன சுகன்யா வெறும் தலையணையைப் பார்த்துப் பதறி, காலியாக விட்டால் மார்க் போய்விடுமே என்று புத்தகத்தில் இருக்கிற எண்களை எழுதி வைத்தாள். பல்ஸ் 72, பிபி 120/80. வெளியே வந்து அடுத்தவள் காதில் ஓதினாள். அடுத்தவள் அதற்கடுத்தவளிடம் ஓதினாள். எட்டாவதாகப் போன தனப்பிரியா எழுதி முடிக்கவும், வியாபாரி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"ஏனுங், என்ற மொறை எப்பங்க வரும்? நானும் எத்தன நேரந்தான் காத்துக் கெடக்கறது?" என்றார். கையில் பாதி வடை இருந்தது.

இந்தக் கூத்தைப் பிரின்சிபால் கலையரசன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வார்டுப் பயிற்சி ஆசிரியை ஜஹானாரா. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரும் அவள் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த பெண்கள்.

"மனுசங்களே வேண்டாம் மேடம்," என்றார் கலையரசன் அன்றைக்குச் சாயங்காலம். "ரப்பர் பொம்மை வாங்கிப் போட்டுடலாம். பொம்மை டீ குடிக்கப் போகாது."

அவர் கெட்டவர் இல்லை. உலகத்தில் எந்தத் தொல்லைக்கும் கடையில் ஒரு சாமான் விற்கும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். நாலு கேமரா, வாசலில் சோதனை போட ரெண்டு ஆயா, படுக்க வைக்க எட்டுப் பொம்மை என்று மடமடவென்று பட்டியல் போட்டுவிட்டார். பொம்மை வந்தால் வார்டுப் பயிற்சிக்கு ஆசிரியை எதற்கு? ஜஹானாரா ஆபீஸில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டையும் காலேஜ் பஸ்ஸையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பதினாறு வருஷமாக வார்டில் நின்றே பழகிய கால்கள் ஜஹானாராவுக்கு. பிள்ளைகளைக் கட்டிலோரம் நிறுத்தி, முதல்முறையாக ஒரு மனுஷனின் நாடி அவர்கள் விரலுக்குத் தட்டுப்படுகிற நேரத்தில் அந்த முகங்கள் மலர்வதைப் பார்ப்பதற்காகவே அவள் சேலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். ரப்பரில் என்ன தட்டுப்படும்?

இன்னொன்றும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவ வார்டில் ஒரு தாய்க்குக் காலையிலிருந்து 120/80 என்றே வரிசையாக எழுதியிருந்த சார்ட்டை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு நர்ஸும் அளக்கவில்லை. மேலே இருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கீழே எழுதியிருந்தார்கள். டாக்டர் தற்செயலாகப் பிபி பட்டையைக் கட்டிப் பார்த்து, எகிறியிருந்த பிரஷரைக் கண்டுபிடித்ததால் அந்தத் தாய் பிழைத்தாள். பரீட்சையில் அடிக்கிற காப்பி பரீட்சையோடு முடிவதில்லை என்பது ஜஹானாராவுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

"ஒரு வருஷம் கொடுங்க சார்," என்றாள். "நிஜ ஆளுங்களை வச்சே காப்பியில்லாம பரீட்சை நடத்திக் காட்டறேன். அடுத்த தடவையும் காப்பி நடந்துச்சுன்னா, நானே வந்து உங்க ஆபீஸ் நாற்காலியில உட்காந்துக்கறேன்."

"சொன்ன சொல் மாற மாட்டீங்களே?"

"மாற மாட்டேன் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி நடத்திக் காட்டுவது என்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க யோசித்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் அவள் போட்ட திட்டம் இதுதான். வார்டு நோயாளிகளை நம்பினால் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஊரிலிருந்தே எட்டுப் பேரைப் பிடித்து, நோயாளி வேஷம் கட்டி, பயிற்சி ஹாலில் எட்டுக் கட்டில்களில் படுக்க வைப்பது. இரண்டாம் ஆண்டுப் பெண்கள் இருபத்துநாலு பேர். எட்டெட்டுப் பேராக மூன்று சுற்று. கட்டிலுக்கு ஏழு நிமிஷம், மணி அடித்தால் அடுத்த கட்டில். ஒவ்வொரு சுற்றுக்கும் நடிகர்கள் கட்டில் மாறிக்கொள்வார்கள். வெளியே போகிற பெண் 'ஒண்ணாம் கட்டில் வயித்து வலி' என்று ஓதினாலும், உள்ளே வருகிறவளுக்கு அங்கே கால் வீக்கம்தான் காத்திருக்கும். தலைச்சுற்றல்காரர் ஒருவரை மட்டும் எழுப்பி நடக்கவிடக் கூடாது. அவர் நாலாம் கட்டிலிலேயே இருப்பார்.

"மொத்தச் சங்ககிரியையும் படுக்க வைக்கப் போறியா?" என்று அவள் கணவர் பரக்கத் அலி கேலி செய்தார். ஆனால் ஜவுளிக்கடையிலிருந்து எட்டுப் போர்வைகளை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆட்கள் கிடைப்பதில் கஷ்டமே இருக்கவில்லை. லாரி பட்டறைப் பக்கம் ஒரு வார்த்தை சொன்னதும் கும்பலே வந்துவிட்டது. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த பழனியம்மாளுக்கு வயிற்று வலி வேஷம். ஒத்திகையின்போது அவர் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாலை மெக்கானிக் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். நாலாம் கட்டிலுக்கு, அதாவது தலைச்சுற்றலுக்கும் படபடப்புக்கும், செங்கோட்டையன். அறுபத்தொரு வயசு. நாக்பூர், குவாஹாத்தி என்று முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டி இறங்கியவர். மீசையும் சிரிப்புமாகத்தான் எப்போதும் இருப்பார். ஒரே வாரத்தில் பெண்களெல்லாம் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"நடிப்புன்னா சும்மாவுங்களா டீச்சரம்மா? உசிரக் குடுத்துப் பண்ணிப்போடறனுங்க," என்றார் அவர்.

உயிரைக் கொடுத்து என்றால் எவ்வளவு தூரம் என்று ஜஹானாரா அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் எட்டுப் பேருக்கும் அவளே நாடியும் பிபியும் பார்த்து, ஒரு தாளில் எழுதினாள். அதுதான் விடைத்தாள். செங்கோட்டையனுக்கு 140/90. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஏதோ கட்டுக்குள் இருந்தது. தாளை உறையில் போட்டு, அரக்கு வைத்து, பிரின்சிபாலின் பீரோவில் பூட்டினார்கள். சாவி பிரின்சிபாலின் இடுப்பில். இத்தனை பந்தோபஸ்தைப் பார்த்து ஜஹானாராவுக்கே பெருமையாக இருந்தது.

பரீட்சை அன்று காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. எட்டுப் பெண்கள் எட்டுத் திரைகளுக்குள் நுழைந்தார்கள். ஹாலில் பழனியம்மாளின் அலறலும், இன்னொரு பக்கம் யாரோ இருமுவதும், தண்ணீர்க் குழாயின் சத்தமும் கலந்து நிஜ வார்டு போலவே இருந்தது. நாலாம் கட்டிலிலிருந்து செங்கோட்டையனின் முனகல் கேட்டது. "தல கனமா இருக்குதே சாமி... கண்ணு மங்குதே..." என்ன நடிப்பு! ஒத்திகையில்கூட இவ்வளவு நன்றாகச் செய்யவில்லையே என்று ஜஹானாரா வியந்துபோனாள்.

முதல் சுற்று முடிந்ததும் கலையரசன் உறையைப் பிரித்து, நாலாம் கட்டில் தாள்களை விடையோடு வைத்துப் பார்த்தார். எட்டுத் தாள். எட்டிலும் 140/90.

"எட்டுக்கு எட்டும் சரி மேடம்!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஜஹானாரா பார்த்ததே இல்லை. "பொம்மை வேணாம் போலிருக்கே?"

ஜஹானாராவுக்கு மனசு துள்ளியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். ஒரு சின்ன உறுத்தல் மட்டும் எங்கேயோ இருந்தது. எட்டுப் பிள்ளைகளின் காதும் ஒரே மாதிரியா கேட்கும்? ஒருத்திகூட 138 என்றோ 144 என்றோ எழுதவில்லையே? ஆனால் சந்தோஷம் அந்த உறுத்தலை அமுக்கிவிட்டது. பதினாறு வருஷ அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம், அந்த நேரத்தில் அவளும் மார்க்கைத்தான் பார்த்தாள்.

இரண்டாவது சுற்றில் நாலாம் கட்டிலுக்கு இரண்டு பேர் போய் வந்தார்கள். 140/90, 140/90. மூன்றாவதாக சுகன்யா போனாள்.

போன வருஷம் வெறும் தலையணைக்கு முதலில் நாடி எழுதிய அதே சுகன்யா. அந்தப் பரீட்சையில் தோற்று, மறுபடி எழுதி, தட்டுத் தடுமாறி மேலே வந்தவள். இந்த முறையும் தவறினால் ஒரு வருஷம் பின்னால் போய்விடுவாள். காலையிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை.

ஏழு நிமிஷம் முடிந்து மணி அடித்தது. எல்லாரும் கட்டில் மாறினார்கள். சுகன்யா வெளியே வரவில்லை. ஜஹானாரா திரையை விலக்கினாள். பிபி பட்டை செங்கோட்டையனின் இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியிருந்தது. சுகன்யாவின் நெற்றியில் வியர்வை. அவள் தாளில் 180/110 என்று எழுதி, அடித்து, மறுபடியும் 180/110 என்றே எழுதியிருந்தது.

பின்னாலேயே வந்த கலையரசன் எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "விடை 140/90மா. பத்துப் பேர் சரியா எழுதியிருக்காங்க. நீ ஒருத்திதான்."

சுகன்யாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பட்டையை அவிழ்க்கவில்லை.

"மூணு தாட்டி பாத்துட்டனுங்க மேடம். ரெண்டு கையிலயும் பாத்தேன். பெரியப்பாவும் நூத்திநாப்பதுன்னுதான் சொன்னாருங்க. ஆனா எனக்கு நூத்தியெம்பதுலயே சத்தம் கேக்குதுங்க. என்ற காதுதான் தப்போ என்னமோ. நீங்க ஒருக்கா பாருங்க மேடம்."

"பெரியப்பா சொன்னாரா?" என்று கேட்டுக்கொண்டே ஜஹானாரா ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். பட்டையில் காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கினாள்.

182/110.

இது நடிப்பு இல்லை. காலையிலிருந்து தலை கனம், கண் மங்கல் என்று இந்த மனுஷர் கத்திக்கொண்டிருந்தது அத்தனையும் நிஜம். பத்துப் பெண்கள் பக்கத்தில் நின்று 140/90 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசலில் நின்ற ஜஹானாராவோ நடிப்பை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்ணா, இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

செங்கோட்டையன் திருதிருவென்று விழித்தார். "இல்லீங் டீச்சரம்மா."

"நேத்து?"

"மூணு நாளா போடலீங்க." மீசையைத் தடவிக்கொண்டார். "சீக்காளி வேசம் கட்ட வாரேன். மாத்திரயப் போட்டுக்கிட்டு கல்லாட்டம் வந்து படுத்தா, அது ஏமாத்து வேலையாப் போயிருமேன்னு ரோசனை பண்ணிப்போட்டேனுங்க."

பரீட்சையில் யாரும் ஏமாற்றக் கூடாது என்று ஒத்திகையின்போது எல்லாரிடமும் ஜஹானாரா சொல்லிவைத்திருந்தாள். அதை ஒழுங்காகக் கேட்டு நடந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"சரி, பிள்ளைங்ககிட்ட நூத்திநாப்பதுன்னு சொன்னது?"

"போன வாரம் நீங்கதானுங்க பாத்துச் சொன்னீங்க. பாவம், புள்ளைக கை நடுங்கிக்கிட்டு நிக்குதுக. மனசு கேக்குலீங்க. 'நூத்திநாப்பதுக்குத் தொண்ணூறு, எழுதிக்க சாமி'ன்னு சொல்லிப்போட்டேன்."

பக்கத்துத் திரைக்குள்ளிருந்து பழனியம்மாளின் குரல் வந்தது. "நானுந்தானுங்க சொன்னேன். 'மொதல்ல கையக் கழுவு கண்ணு, மறந்துபோடாத'ன்னு. அதுல என்ன தப்புங்க?"

பீரோவுக்குப் பூட்டு, உறைக்கு அரக்கு எல்லாம் போட்டார்கள். நோயாளியின் வாயை யாரும் நினைக்கவில்லை. இரக்கமுள்ள சனங்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்து படுக்க வைத்ததும் அவள்தான்.

பக்கத்து மருத்துவமனையிலிருந்து டாக்டர் வந்தார். பார்த்தார், கேட்டார், இருதயப் படமும் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையை விட்டதுதான் காரணம் என்றார். வழக்கமான மாத்திரையைப் போட வைத்து, அசையாமல் படுத்திருக்கச் சொன்னார். "சாயங்காலம் வரைக்கும் பிபியை அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கணும். ஆள் இருக்காங்களா?"

"இருபத்துநாலு பேர் இருக்காங்க டாக்டர்," என்றாள் ஜஹானாரா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

செங்கோட்டையன் படுத்தபடியே சுகன்யாவைக் கூப்பிட்டார். "ஏஞ்சாமி, பத்துப் புள்ளைக நான் சொன்னத எழுதிக்கிட்டுப் போச்சு. நீ மட்டும் ஏன் நம்பல?"

"எங்கப்பாவும் லாரிதானுங்க பெரியப்பா," என்றாள் சுகன்யா. "மாத்து டிரைவர் காத்தெல்லாம் இருக்குதுன்னு சொன்னாலும், இவரு இறங்கி அத்தன டயரையும் கட்டையில தட்டிப் பாத்துட்டுத்தான் ஸ்டியரிங்கப் புடிப்பாரு. போன வருசம் எனக்கு அது நெனப்பு வரலீங்க. இந்தத் தாட்டி வந்துச்சு."

செங்கோட்டையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருசம் தட்டிப் பாத்தவன் நானு. எனக்கே மறந்துபோச்சு பாரு."

ஜஹானாராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கலையரசனின் கையிலிருந்த விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. போன வாரத்துத் தேதி. ஒரு வாரத்துக்கு முந்தைய எண்ணை வைத்துக்கொண்டு, இன்றைக்கு அளந்தவளைத் தப்பு என்று சொல்ல இருந்தார்களே. கட்டிலில் கிடந்தவரைக் காலையில் ஒரு தடவை தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லையே.

"முடிஞ்சுது மேடம்," என்றார் கலையரசன். குரலில் வருத்தம்தான் இருந்தது. "பத்துப் பேர் காப்பி. நீங்க சொன்ன சொல் இருக்கு."

"பத்து இல்லை சார், பதினொண்ணு," என்றாள் ஜஹானாரா. "பதினோராவது நான். போன வாரம் நானே எழுதினதைப் பார்த்து நானே காப்பியடிச்சிருக்கேன்."

பன்னிரண்டாவது யார் என்று அவள் சொல்லவில்லை. உறையைப் பிரித்து எட்டுக்கு எட்டும் சரி என்று சந்தோஷப்பட்டவருக்கு அது தானாகவே விளங்கியிருக்க வேண்டும்.

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க. மத்த கட்டிலை நாளைக்குப் பார்த்துக்கலாம். நாலாம் கட்டிலை மட்டும் இருபத்துநாலு பேரும் மறுபடியும் பார்க்கட்டும். விடைத்தாளே கிடையாது." சொல்லிக்கொண்டே அவள் விடைத்தாளை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "அப்புறமும் காப்பி இருந்தா, நாளைக்குக் காலையில உங்க ஆபீஸ் நாற்காலியில இருப்பேன்."

"விடையில்லாம மார்க் எப்படி மேடம் போடுவீங்க?"

ஜஹானாரா சாமான் அலமாரியைத் திறந்து, அடியில் தூசி படிந்து கிடந்த ஒன்றை எடுத்தாள். ரெட்டைக் காது ஸ்டெதஸ்கோப். நோயாளி கையில் வைக்கிற வில்லை ஒன்றுதான்; காதில் மாட்டும் குழாய் மட்டும் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி பிள்ளைக்கு, இன்னொன்று ஆசிரியைக்கு. கல்லூரி ஆரம்பித்த காலத்தில் வாங்கியது. ஒவ்வொரு பிள்ளையோடும் கூடவே நிற்க யாருக்கு நேரம் என்று அலமாரியில் போட்டுவிட்டார்கள்.

ஒன்றேகாலுக்கு ஆரம்பித்தது. ஜஹானாரா ஒரு காதுக்குழாயை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து இன்னொன்றை மாட்டிக்கொண்டார்கள். இனி ஓதுவதற்கு எதுவுமே இல்லை. எண் என்ன என்று செங்கோட்டையனுக்கும் தெரியாது, ஜஹானாராவுக்கும் தெரியாது. மாத்திரை வேலை செய்யச் செய்ய அது மாறிக்கொண்டே வந்தது.

"எங்கிட்ட ஒண்ணுங் கேக்காத சாமி," என்று செங்கோட்டையன் வருகிறவளிடமெல்லாம் சொன்னார். "தட்டிப் பாரு."

முதல் பெண் 178/108 என்று எழுதினாள். இரண்டாமவள் 176/108. அடுத்தவள் காற்றை வேகமாக இறக்கிவிட்டுச் சத்தத்தைத் தவறவிட்டாள். காலையில் 140/90 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியவள் அவள். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடி ஏத்து. நானும் கேக்கறேன்," என்றாள் ஜஹானாரா. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். டப், டப் என்று சத்தம் பிறந்த கணத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை ஜஹானாரா கண்ணெடுக்காமல் பார்த்தாள். நாளைக்கு ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தாலும், இன்றைக்கு இது கிடைத்ததே.

கலையரசன் ஜன்னலோர மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ஒரே எண் இரண்டு தாளில் வந்தால் சுழிப்பதற்காக. 172/104 வந்தது. 168/104 வந்தது. பத்தாவது தாளுக்குப் பிறகு அவருக்குச் சுழிப்பதே மறந்துவிட்டது. கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறவர் மாதிரி, "இப்ப எவ்வளவு?" என்று எழுந்து எழுந்து வந்தார். 162 என்றதும் ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் கைதட்டினார்கள். 158க்குப் பழனியம்மாள் வயிற்று வலியையெல்லாம் மறந்து எழுந்து வந்து, "இன்னுங் கொஞ்சம் எறங்கட்டும் மாரியாத்தா," என்று கும்பிட்டார். 154 அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. கலையரசனின் பேனா சட்டென்று உயர்ந்தது.

"ரெண்டும் என் காதுலயும் கேட்டுச்சு சார்," என்றாள் ஜஹானாரா. பேனா இறங்கிவிட்டது.

மூன்றரை மணிக்கு டாக்டர் மறுபடி வந்து பார்த்தார். தலை கனம் போய்விட்டது, கண் தெளிவாக இருக்கிறது, இனி மெதுவாக எழுந்து நடக்கலாம் என்றார். செங்கோட்டையனின் இரண்டு கைகளிலும் பட்டை பதிந்த தடம் சிவந்திருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நாலு மணிக்கு இருபத்துமூன்று பேர் முடித்திருந்தார்கள். "மேடம், ஒரு நிமிஷம்," என்று கலையரசன் கூப்பிட்டார். ஜஹானாரா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேஜைக்குப் போனாள். அவர் இருபத்துமூன்று எண்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதியிருந்தார். 178இல் ஆரம்பித்து, படிப்படியாக 144 வரை அழகாக இறங்கி வந்திருந்தது.

"இது பரீட்சைப் பேப்பர் மாதிரியே இல்லை மேடம்," என்றார். "நிஜ சார்ட் மாதிரி இருக்கு."

"நிஜ சார்ட்தான் சார்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரப்பர் பொம்மையின் படமும் விலையும் போட்ட தாள் ஒரு வருஷமாக அந்தப் பையில்தான் இருந்தது. "இன்னும் ஒரு பொண்ணு பாக்கி இருக்கில்ல? அதையும் பார்த்துடுவோம்."

ஜஹானாரா திரும்பினாள். நாலாம் கட்டிலின் திரை பாதி விலகியிருந்தது. கட்டிலில் ஆள் இல்லை. போர்வை ஒதுங்கிக் கிடந்தது. கட்டிலோரம் தனப்பிரியா, போன வருஷத்து எட்டாவது பெண், தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியேயிருந்து யாரோ, "போன நம்பர் நூத்திநாப்பத்திநாலு, அதுல ரெண்டு கொறச்சுப் போடுடி," என்று கிசுகிசுப்பது தெளிவாகக் கேட்டது.

இருபத்துமூன்று பேர் சரியாகச் செய்து, கடைசிப் படியிலா வந்து விழ வேண்டும்? ஒரு வருஷப் பாடு, கிழித்துப் போட்ட விடைத்தாள், இன்றைக்கு மலர்ந்த அத்தனை முகங்கள். கட்டிலுக்கு நடந்த பத்தடியும் ஜஹானாராவுக்குப் பத்து மைலாக இருந்தது. கலையரசன் பின்னாலேயே வந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

"முடிச்சிட்டியாம்மா?"

"முடிச்சிட்டனுங்க மேடம்," என்று தனப்பிரியா தாளை நீட்டினாள்.

பல்ஸ் என்ற இடத்தில் ஒரு கோடு. பிபி என்ற இடத்தில் ஒரு கோடு. பெயரையும் தேதியையும் ஆங்கிலத்தில் எழுதியவள், கீழே மட்டும் தமிழில் எழுதியிருந்தாள்: 'மணி 4.05. கட்டிலில் ஆள் இல்லை. டீ குடிக்கப் போயிருக்கிறார். வந்ததும் பார்க்க வேண்டும்.'

ஜஹானாரா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கலையரசனிடம் கொடுத்தாள். கலையரசன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, மேல் மூலையில் முழு மார்க் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு செங்கோட்டையன் உள்ளே வந்தார். கையில் பாதி வடை.

"ஏனுங், எல்லாம் முடிஞ்சுதுங்களா?"

"வடையா?" என்று ஜஹானாரா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினாள். "இவ்வளவு பிரஷரை வச்சுக்கிட்டு உப்பும் எண்ணெயுமா?"

கலையரசன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பொம்மைப் படத் தாளை எடுத்து விரித்தார். செங்கோட்டையன் கையிலிருந்த வடையை வாங்கி அதன்மேல் வைத்தார். எண்ணெய் மெதுவாகப் பொம்மையின் முகத்தில் பரவியது.

தனப்பிரியா ஸ்டெதஸ்கோப்பின் ஒரு ஜோடியைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை ஜஹானாராவிடம் நீட்டினாள்.

"இன்னும் நான் பாக்கலீங்க பெரியப்பா," என்றாள். "படுத்துக்கிட்டுக் கைய நீட்டுங்க."